சும்மா

கேள்வி: படகு முனையில் நின்று சும்மா கையை ஆட்டிய இந்தோனேசியப் பையன் சில வாரங்களில் உலகப் புகழ் பெற்றுவிட்டான். இந்த வைரல் காலத்தில் உழைப்புக்கு மதிப்பு இருக்கிறதா? (வாசகர், பெரியகுளம்)

பதில்: வைரலை அப்புறம் பார்ப்போம். உங்கள் 'சும்மா'வை முதலில் கையில் எடுக்கிறேன். அந்தச் சொல் எப்போதோ கப்பலேறி அங்கே போய்விட்டது. இந்தோனேசியர்கள் 'சுமா' என்றால் 'வெறுமனே, அவ்வளவுதான்' என்று பொருள். 'சுமா-சுமா' என்றால் காசில்லாமல். 'பெர்சுமா' என்றால் வீண். நாம் ஒரே சொல்லுக்குள் போட்டு வைத்திருப்பதை அவர்கள் மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். அது ஏறிப்போன கப்பலும் அங்கே 'கபால்' ஆகிவிட்டது. கடை 'கெடை' ஆனது. வியாபாரத்துக்குப் போடும் முதல் 'மோடல்' ஆனது. நம் வணிகர்கள் சரக்கோடு எதை இறக்கினார்கள் என்பதற்கு இந்தச் சொற்களே கணக்குப் புத்தகம்.

ஆனால் அந்த மூன்று 'சுமா'வில் ஒன்றுகூட அந்தப் பையனுக்குப் பொருந்தாது.

2025இல் உலகம் பார்த்த அந்தக் காட்சி சுமத்ராவின் ரியாவ் மாகாணத்தில் குவாந்தான் ஆற்றில் நடக்கும் 'பாச்சு ஜாலூர்' படகுப் போட்டி. ஒரே மரத்தைக் குடைந்து, தீயில் வாட்டி அகலப்படுத்திச் செய்த படகு. நீளம் 25 முதல் 40 மீட்டர், துடுப்புப் போட 40 முதல் 60 பேர். டச்சுக்காரர் ஆட்சியில் வில்ஹெல்மினா ராணியின் பிறந்தநாளுக்காக ஓட்டினார்கள், இப்போது ஆகஸ்ட் சுதந்திர தினத்தை ஒட்டி ஓட்டுகிறார்கள்.

படகில் ஆளுக்கொரு வேலை. குரல் கொடுத்துக் கட்டளையிடுபவர் 'துகாங் சொஞ்சாங்'. திசை பிடிப்பவர் 'துகாங் பிங்காங்'. பின்முனையில் நின்று உடம்பைக் குலுக்கித் தாளம் கொடுப்பவர் 'துகாங் ஒஞ்சாய்'. முன்முனையில் ஆடுபவர் 'துகாங் தாரி'. பின்னால் ஒருவர் அழுத்த, முன்னால் இவர் ஈடுகட்டி அழுத்த, படகு ஏற்றமரம்போல் சீராக ஏறி இறங்கும். துடுப்புகள் அந்த அசைவைப் பிடித்துக்கொண்டு விழும். தாளம் தப்பினால் முனை தண்ணீரில் குத்தும், துடுப்புகள் பிசகும், வேகம் போய்விடும்.

சிறுவனை ஏன் நிறுத்துகிறார்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மீட்டர் படகில் முனை, நடுவிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே நிற்கும் 30 கிலோ, நடுவிலிருந்து 3 மீட்டரில் உட்கார்ந்திருக்கும் 150 கிலோவுக்குச் சமம். அங்கே பெரிய ஆளை ஏற்றினால் மூக்கு அமிழ்ந்துவிடும். அந்த 30 கிலோவும் பாதத்தளவு அகலமுள்ள ஈர மரத்தில், கைப்பிடி இல்லாமல் நிற்க வேண்டும். முழங்கால் இளகியிருக்க வேண்டும், விறைத்தால் ஆற்றில்தான். கை ஆட்டுவது அழகுக்கும்தான், நிலை தவறாமல் இருப்பதற்கும்தான். அதோடு அது செய்தியும்கூட: நம் படகு முந்துகிறது என்பதைக் கரையில் இருப்பவர்கள் அந்த ஆட்டத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள்.

உழைப்புக்கு மதிப்பு உண்டா என்கிறீர்கள். உழைப்பு படத்திலேயே இல்லையே, வெட்டி எறிந்துவிட்டார்களே! செங்குத்து வீடியோவைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம் கண்டனக் கடிதம் வருகிறது. வரட்டும். 1920 புள்ளி (பிக்சல்) அகலமும் 1080 உயரமும் உள்ள படத்தை, நிமிர்த்திப் பிடித்த போன் திரைக்கேற்ப 9:16 அளவில் செங்குத்தாக வெட்டினால் அகலத்தில் மிஞ்சுவது 607 புள்ளி. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. படகு திரையை அடைத்து நின்றால், 30 மீட்டரில் 10 மீட்டர்கூடத் தெரியாது. பையன் தப்பித்தான், துடுப்புக்காரர்களில் பெரும்பாலோர் போனார்கள். பிறகு ஓசையை நீக்கி ஒரு ராப் பாட்டை ஒட்டினார்கள். சொஞ்சாங்கின் குரலும் துடுப்புகளின் அறைதலும் போனபின் கை எந்தத் தாளத்துக்கு அசைகிறது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? சும்மா ஆட்டுவதாகத்தான் தெரியும். பாரிஸ் கால்பந்து அணிவரை போலி செய்தது அந்த வெட்டிய துண்டைத்தான்.

ஆற்றங்கரையில் நின்று போனில் எடுப்பவர் படகிலிருந்து 25 மீட்டர் தள்ளி நின்று, சாதாரண லென்ஸில், போனைப் படுக்கையாகப் பிடித்தால் 30 மீட்டர் படகு முழுதாக அடங்கும். நிமிர்த்திப் பிடித்தால் அதே இடத்திலிருந்து 20 மீட்டர்கூட வராது. படகோடு கையைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும், ஜூம் கூடாது, ஓசையை அழிக்கக் கூடாது.

'பாச்சு ஜாலூர்' என்று தேடி, வெட்டாத, படுக்கையான வீடியோ ஒன்றைப் போடுங்கள். பையனை விட்டுவிட்டுப் பின்முனையைப் பாருங்கள். அங்கே ஓர் ஆள், யாரும் பெயர் கேட்காத ஓர் ஆள், உடம்பைக் குலுக்கிக்கொண்டு நிற்பார்.