வாசகர் கேள்வி பதில்: பிழைச்ச ட்ரைவர் ஏன் 0 எண்டு சொல்லுது?

கேள்வி: அண்ணை, வீடு கோண்டாவில், கிளிநொச்சி அறிவியல் நகரில எஞ்சினியரிங் படிக்கிறன். ராஸ்பெரி பை எண்ட சின்னக் கொம்பியூட்டரில ஐ2சி (ரெண்டு வயரில டேட்டா அனுப்புற முறை) டெம்பரேச்சர் சென்சர் ஒண்டுக்கு லினக்ஸ் ட்ரைவர் எழுதினனான். சென்சரின்ர வயரைக் கழட்டிப்போட்டு லோட் பண்ணினாலும் புரோப் (டிவைஸைத் தயார்ப்படுத்துற ஃபங்ஷன்) சரிவந்தமாதிரியே காட்டுது, பிறகு ட்ரைவரைக் கழட்ட ஆர்எம்மொட் கட்டளை குடுக்கேக்க கேர்ணல் ஊப்ஸ், அதாவது லினக்ஸின்ர மையப் பகுதிக்குள்ள பிழை எண்ட அறிவிப்பு, வருது. கழட்டேக்க ஓடுற ரிமூவ் ஃபங்ஷனை எத்தினை தரம் பார்த்தும் பிழை பிடிபடேல்லை.

பதில்: தம்பி, ரிமூவை விடுங்கோ, பிழை அநேகமா புரோப்புக்குள்ளதான் கிடக்கும். சரிவந்தால் 0, பிழைச்சால் மைனஸ் எரர் நம்பர், இதுதான் கேர்ணல்ல வழக்கம், மெமரி கிடைக்காட்டி -12, டிவைஸ் இல்லாட்டி -19, இப்பிடி. உங்கட கோட்டில முதல் படி ஒண்டு சரிவந்து ரெட் எண்ட வேரியபிளுக்குள்ள 0 இருந்திருக்கும், அடுத்து சிப் ஐடி பொருந்தேல்லை எண்டவுடன கோ-டு போட்டு கடைசிக்குப் பாயுது, பாயமுதல் ரெட்டுக்குள்ள -19 போடேல்லை. அங்க கேஃப்ரீ பண்ணி மெமரியை விட்டிட்டு அந்தப் பழைய 0ஐயே ரிட்டேர்ன் பண்ணுது. கேர்ணலும் அதை நம்பி டிவைஸ் ரெடி எண்டு வைச்சிருக்கும், நீங்கள் ஆர்எம்மொட் குடுக்க ரிமூவைக் கூப்பிடும், ரிமூவ் போய் ஏற்கனவே விட்ட மெமரியைத் தொடும். ஏலேல்லை எண்டு உடன சொல்லுற ட்ரைவர் இதைவிட எவ்வளவோ நல்லம்.

ஐடியை வாசிச்சு வைக்கிற வேரியபிள் யு8ஆ (மைனஸ் வைக்கேலாத 8 பிட் எண்) எண்டும் வடிவா பாருங்கோ. ஐ2சி வயர்ப் பாதையில சென்சரின்ர மறுமொழி இல்லாமல் -121 வந்தால் யு8க்குள்ள அது 135 ஆகிடும், பிறகு 0ஐ விடச் சின்னனோ எண்டு செக் பண்ணி என்ன பிரயோசனம், ஒருநாளும் பிடிபடாது. மைனஸும் வைக்கக்கூடிய இன்ட் ஆக்குங்கோ.

அதுக்காக கண்ட இடமெல்லாம் மைனஸ் போட வெளிக்கிடாதேங்கோ, கூப்பிடுற ஃபங்ஷன் என்ன தருது எண்டு ஒவ்வொண்டா திறந்து பார்க்கோணும். மெமரி எடுக்கிற டெவ்எம் கேஇசட்அலொக் பிழைச்சால் நல் (NULL, வெறும் பொயின்டர்) தரும், ஜிபிஐஓ பின் எடுக்கிற டெவ்எம் ஜிபிஐஓடி கெட் பிழைச்சால் எரர் பொயின்டர் (எரர் நம்பரை உள்ளுக்க வைச்ச பொயின்டர்) தரும், அதை நல் எண்டு செக் பண்ணினா பிழை தப்பிப் போயிடும், இஸ் எரர் (IS_ERR) எண்ட செக்கைப் போட்டுத்தான் பார்க்கோணும். வாற எரரை அப்பிடியே மேல அனுப்புங்கோ, எல்லாத்தையும் -22 (பிழையான ஆர்கியுமென்ட்) ஆக்கிற பழக்கம் பொல்லாதது, ஏனெண்டால் -517 எண்டு வந்தால் தேவையான மற்ற டிவைஸ் இன்னும் வரேல்லை, பிறகு திரும்ப வா எண்டு அர்த்தம், அதை மாத்தினால் கேர்ணல் திரும்ப முயற்சியே பண்ணாது. டெவ் எரர் புரோப் எண்ட ஃபங்ஷன் பாவியுங்கோ, லொக்கிலயும் எழுதி அதே நம்பரையும் திருப்பித் தரும். திருத்தினாப் பிறகு வயரைக் கழட்டின அதே நிலையில லோட் பண்ணிப் பாருங்கோ.

கேள்வி: கேர்ணல்ல இருந்து புரோகிராமுக்கு டேட்டாவைக் கொப்பி பண்ணுற கொப்பி டு யூசர் ஃபங்ஷன் தாறதை, ட்ரைவரின்ர ரீட் ஃபங்ஷனில அப்பிடியே ரிட்டேர்ன் பண்ணலாமோ? (சுன்னாகம் வாசகி)

பதில்: கூடாது தங்கச்சி. அது தாறது கொப்பி ஆகாமல் மிஞ்சின பைட் எண்ணிக்கை. 10 பைட் மிஞ்சினால், 10 பைட் வாசிச்சாச்சு எண்டு புரோகிராம் நினைச்சுக்கொள்ளும். 0 இல்லாமல் எது வந்தாலும் -14ஐ (பிழையான மெமரி முகவரி) ரிட்டேர்ன் பண்ணுங்கோ.