ஏரி மீனும் ஆயாவின் சாம்பலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எனக்குப் பென்னாகரம் பக்கம். வேலை ஓசூரில். ஊரில் ஏரி வற்றினால் எங்கள் வீட்டில் திருவிழாதான். சித்தப்பா வீச்சுவலையோடு இறங்குவார், பிள்ளைகள் நாங்கள் குண்டானோடு கரையில் நிற்போம். வீடு வந்ததும் விரால் எகிறிக் குதித்துக் கொல்லைப்பக்கம் நழுவும். அதன்மேல் கோணிப்பையோடு மாமா விழுவார், பாதி நாள் மாமாதான் வழுக்கி விழுவார். ஒருமுறை ஆயா ஜிலேபி மீனை ஆயும்போது அதன் வாயிலிருந்து பொடிக்குஞ்சுகள் கொட்டின. "புள்ளைங்களையே தின்னுடுச்சு" என்று தம்பி அழுத அழுகையில் அன்று அவனுக்கு மட்டும் முட்டை பொரித்துக் கொடுத்தார்கள்.

ஆயா இப்போது இல்லை. போன மாதம் கிருஷ்ணகிரி அணைப்பக்கம் மிர்கால் வாங்கி வந்து நானே குழம்பு வைத்தேன். ஒரே சேற்று வாடை. அடுத்த வாரம் கட்லா, அது கசந்தது. மசாலா எங்கே தப்புகிறது? ஆயா சாம்பல் போட்டுத் தேய்ப்பார், அடுக்குமாடியில் சாம்பலுக்கு எங்கே போவது? பிள்ளைகள் முள்ளுக்குப் பயப்படுகிறார்கள். இன்னொன்று, மாமா மீனின் பித்தப்பையைக் கண்ணுக்கு நல்லது என்று பச்சையாக விழுங்குவார். அது நிஜமா?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் அது மட்டும் அவசரம். பித்தப்பையை விழுங்கக் கூடாது. ரோகு, கட்லா, புல்கெண்டை போன்ற கெண்டை இனங்களின் பித்தத்தில் சிறுநீரகத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. பச்சையாக விழுங்கிய சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், பிறகு சிறுநீர் குறைந்து டயாலிசிஸ் வரைக்கும் போனவர்கள் உண்டு. கண்ணுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மாமாவுக்கு இன்றே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தம்பியிடமும் ஒன்று சொல்லவேண்டும். தாய் மீன் குஞ்சுகளைத் தின்னவில்லை. ஜிலேபியில் பெண் மீன் முட்டையை வாயில் வைத்தே பொரிக்கும், பொரிந்த குஞ்சுகளும் ஆபத்து வந்தால் திரும்ப வாய்க்குள் புகுந்துகொள்ளும். 1952-இல் வெளியிலிருந்து நம் நாட்டுக்குள் கொண்டுவந்த மீன் அது. ஏரிக்கு ஏரி இப்படிப் பெருகியதில் அந்த வாய்க்குப் பெரிய பங்கு உண்டு. குஞ்சை வாயில் சுமக்கும் நாட்களில் தாய் பெரும்பாலும் இரை எடுக்காது, மெலிந்து கிடக்கும். அன்றைக்கு முட்டை தின்றவனுக்கு நட்டம் ஒன்றுமில்லை.

இனி வாடை. உங்கள் மசாலாவில் தப்பில்லை. ஏரி மீன் ருசிப்பதும் நாறுவதும் பெரும்பாலும் ஆய்கிற இடத்திலேயே முடிவாகிவிடும், அதற்குப் பிறகு கொட்டுகிற மிளகாய்த்தூள் எல்லாம் மூடி மறைக்கத்தான். தேங்கி வெதுவெதுப்பாகக் கிடக்கும் நீரில் நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்றொரு பொருளை விடுகின்றன. புதுமழையில் மண் மணப்பதும் இதே பொருளால்தான். மீன் அதைச் செவுள் வழியாக உறிஞ்சிக் கொழுப்பில் சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் வயிற்றுப்பக்கத்திலும் தோலிலும் விலாவின் கருஞ்சதையிலும் வாடை அதிகம். சித்திரை வைகாசியில் நீர் வற்றிப் பாசி படரும்போது கூடும், புதுத்தண்ணீர் வந்து ஏரி கழுவப்பட்டபின் குறையும். மீனுக்கு மீனும் மாறும். கட்லா மேல்நீரில் மேயும், ரோகு நடுநீரில், மிர்கால் அடிச்சேற்றில். பழகாத கையோடு மிர்காலில் தொடங்கினால் இப்படித்தான் ஆகும். ஓடுகிற நீரில் பிடித்த ஒகேனக்கல் மீனில் இந்த வாடை பெரும்பாலும் தெரியாது. அங்கே கல்லில் பொரித்துத் தரும் பெண்களின் மசாலா நன்றாக இருப்பதற்குக் காவிரியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், ஆனால் அதை அவர்களிடம் போய்ச் சொல்லாதீர்கள்.

மீன் உயிரோடு கிடைத்தால் கிணற்று நீரோ போர் நீரோ நிரப்பிய தொட்டியில் ஓரிரவு விடுங்கள். குடல் காலியாகும், வாடையும் ஓரளவு இறங்கும். முழுதும் போக வேண்டுமானால் தினமும் நீரை மாற்றி, இரை போடாமல், பல நாள் வைக்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது, மீன் செத்துவிடும். விரால் காற்றையும் சுவாசிக்கிற மீன், ஈரம் இருந்தால் வெளியிலும் வெகுநேரம் தாங்கும். அது உள்ள பாத்திரத்தின் மூடிமேல் அம்மிக்குழவியை வைத்தால் மாமாவின் இடுப்பு தப்பும்.

சாம்பல் செய்வது இரண்டு வேலை. சொரசொரப்பால் வழும்பை, அதாவது மீன்மேல் படிந்த வழவழப்பை, உரிக்கிறது, காரத்தால் அதை இளக்குகிறது. அடுக்குமாடியில் அதற்குப் பதில் ஒரு கிலோ மீனுக்கு இரண்டு கைப்பிடி கல் உப்பும் ஒரு கைப்பிடி கோதுமைத் தவிடும் போதும். மீனை நறுக்கும் முன்பே, முழு மீனாக இருக்கும்போதே தேய்க்க வேண்டும். துண்டு போட்டபின் தேய்த்தால் வழும்பு வெட்டுவாயில் ஏறும், உப்பு சதையின் சாற்றை இழுத்துவிடும். வழும்பு போய்த் தோல் கைக்குக் கரகரவென்று படும்வரை தேய்த்து அலசுங்கள். கெளுத்திக்குச் செதில் கிடையாது, வழும்புதான் எல்லாம். இரண்டு தடவை தேய்க்க வேண்டும். ஆனால் அதற்கு முன் முதுகில் ஒன்று, செவுளோரம் பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள்ளையும் குறடால் ஒடித்துவிடுங்கள். செத்த கெளுத்தியின் முள்ளும் குத்தும், கடுக்கும். குத்தினால் தோல் பொறுக்கிற சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கையை வைத்திருங்கள். அந்த நஞ்சு சூட்டில் இளகும். முனை உள்ளே ஒடிந்திருந்தால் டாக்டர்தான்.

செதிலை வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்ட வேண்டும், மீன் ஈரமாக இருக்கும்போதே. காய்ந்துவிட்டால் செதில் பிடித்துக்கொள்ளும். வயிற்றைக் கீறுவதற்கு அரிவாள்மனை வேண்டாம். பழகாதவர்கள் மீனை அதில் அழுத்தும்போது வெட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று தெரியாது, பித்தப்பை கிழிவது பெரும்பாலும் அங்கேதான். சிறு கத்தியின் முனையை மட்டும் நுழைத்து, கழிவுத்துளையிலிருந்து செவுள் வரை தோலை மட்டும் கீறுங்கள். ஈரலோடு ஒட்டிக் கரும்பச்சையாகத் தெரிவதுதான் பித்தப்பை. ஈரலோடு சேர்த்து விரலால் வழித்து மொத்தமாக எடுங்கள், தனியே கிள்ளப் போகாதீர்கள். உடைந்துவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் காட்டி, உப்பால் தேய்த்து, மஞ்சளாகக் கறைபட்ட சதையை வெட்டி எறிந்துவிட வேண்டும். புளியில் ஊறவைத்தால் கசப்பு போகாது.

அதோடு ஆய்ந்து முடிந்தது என்று எழுந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். இன்னும் மூன்று இடம் பாக்கி. வயிற்றின் உட்சுவரில் கறுப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். மிர்காலிலும் ஜிலேபியிலும் நன்றாகத் தெரியும். உப்புத் தொட்ட துணியால் உரசி அதை எடுங்கள். நடுமுள்ளின் அடியில் கருஞ்சிவப்பாக இரத்தக்கோடு ஓடும். மேலே மூடிய தோலைக் கத்தியால் கீறி, கரண்டிக் காம்பால் வழித்துவிடுங்கள். மூன்றாவது தலை. செவுளை எல்லோரும் பிய்த்துவிடுகிறார்கள். கெண்டை இனத்தில் அதற்குப் பின்னால், தொண்டைக்குள், பல் வைத்த ஒரு எலும்பு உண்டு. இரையை அரைப்பது அதுதான், மண்ணும் பாசியும் சிக்கிக் கிடப்பதும் அதில்தான். அதை எடுக்காமல் தலையைச் சட்டியில் போட்டால் குழம்பு முழுக்கச் சேறு மணக்கும்.

துண்டுகளை அரை ஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் உப்பு, நெல்லிக்காய் அளவு புளியின் கெட்டிக் கரைசல் சேர்த்துப் பிசறி 15 நிமிடம் வைத்து, ஒரே தடவை அலசி வடியவிடுங்கள். ஜியோஸ்மினைப் புளிப்பு சிதைக்கும், இந்த வேலை அதற்காகத்தான். நம் ஊர்ப்பக்கம் புளிக்கென்ன பஞ்சம்! மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறவைப்பது மட்டும் வேண்டாம், சதை சவசவத்துப்போகும்.

குழம்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆய்ந்தபின் ஒரு கிலோ மீனுக்குக் கடலை எண்ணெய் 100 மில்லி, வெந்தயம் அரை ஸ்பூன், சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு ஒன்று முழுசாக, தக்காளி மூன்று, மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, மல்லித்தூள் மூன்று, புளி 50 கிராம். மாங்காய்ப் பருவத்தில் புளியை 30 கிராமாகக் குறைத்து, பாதி மாங்காயைத் தோலோடு நறுக்கி மீனுக்கு ஐந்து நிமிடம் முன்னால் போடுங்கள். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டினால் கசக்கும். உங்கள் கட்லாவில் கசந்தது இதுவா பித்தமா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. குழம்பில் எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி கசந்தால் வெந்தயம். வயிற்றுத் துண்டில் மட்டும் கூடுதலாகக் கசந்தால் பித்தமோ கறுப்புச் சவ்வோ. பச்சை வாசம் போய் எண்ணெய் மேலே மிதந்த பிறகே மீனைப் போட வேண்டும். ஒரு அங்குலத் துண்டுக்குச் சிறுதீயில் 8 நிமிடம், கெளுத்திக்கு 5. கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுற்றுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளி அதை அரிக்கும். மண்சட்டி வைத்திருந்தால் மீனுக்கென்று தனியாக ஒதுக்குங்கள். தேங்காய் அரைத்து ஊற்றினால் மறுநாள்வரை நிற்காது, ஏரி மீன் குழம்போ மறுநாள்தான் சேர்ந்து வரும்.

பிள்ளைகளுக்கு ஜிலேபியோ விராலோ கெளுத்தியோ கொடுங்கள். நடுமுள்ளும் விலா முள்ளும் போனால் பயமில்லை. கெண்டை இனத்தில் சதைக்குள்ளேயே கவைமுள் பொதிந்திருக்கும், வால் பாதியில் ரொம்ப அதிகம். அந்தப் பாதியை வறுவலுக்கு ஒதுக்கி, தோலிலிருந்து நடுமுள் வரை நெல் அகல இடைவெளியில் கீறிக்கொண்டே வாருங்கள். முள் துண்டாகி, சூடான எண்ணெயில் மொறுமொறுத்துவிடும். அப்படியும் பிள்ளைகளுக்கு வயிற்றுத் துண்டுதான், அதன் முள் பெரிது, கண்ணுக்குத் தெரியும். தொண்டையில் சிக்கினால் சோற்றுருண்டையை விழுங்கச் சொல்லாதீர்கள், முள் இன்னும் ஆழமாக இறங்கும்.

ராகிக்களியோடு சாப்பிடுவதாக இருந்தால் இன்னும் கவனம். களியைக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்குகிறோம், உடைந்த துண்டின் முள் குழம்பில் மிதந்தால் நேரே தொண்டைக்குத்தான் போகும். முதலில் துண்டுகளைத் தனித்தட்டில் எடுத்துவிட்டு, குழம்பைக் கண்ணகன்ற வடிகட்டியில் ஊற்றி, அப்புறம் களிக்குழியில் விடுங்கள்.