சோதனை வசதிக்குப் பெயர் சூட்டும் முன்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, பெரிய சிஎஸ்வி (அட்டவணைத் தரவு) கோப்புகளைப் படிப்பதற்கான ஒரு திறமூலப் பைத்தான் லைப்ரரியை, அதாவது பிறர் தங்கள் நிரல்களில் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, பராமரித்து வருகிறோம். இன்னும் முடிவாகாத சில வசதிகளைப் பயனர்களிடம் முன்கூட்டியே கொடுத்துப் பார்க்க விரும்புகிறோம். ஆனால் அவற்றுக்குப் பெயர் வைப்பதில் ஆளுக்கொரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் 'எக்ஸ்பெரிமென்டல்_ரீட்_சங்க்ஸ்' என்று எழுதினார், இன்னொருவர் 'பீட்டா_கெஸ்_டைப்ஸ்' என்றார், மூன்றாமவர் '_ரீட்_பேரலல்' என்று அடிக்கோட்டோடு நிறுத்திக்கொண்டார். மூன்றும் வெளியாகிவிட்டன. எந்தச் சொல் சரியானது? ஒரே மரபுக்கு எப்படி வந்து சேர்வது?

பதில்: எந்தச் சொல் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 'இது மாறக்கூடும்' என்ற எச்சரிக்கையை அந்த வசதியின் பெயரிலேயே எழுதுவதா, அல்லது பயனர் அதற்குள் நுழையும் இடத்தில் எழுதுவதா? பெயரில் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாற்பது ஆண்டுகளுக்கு மேலான இணைய வரலாறும் அதைத்தான் சொல்கிறது.

சோதனை நிலையில் இருப்பவற்றின் முன் 'எக்ஸ்' எழுத்தைச் சேர்க்கலாம் என்ற யோசனை, கோப்புப் பரிமாற்ற நெறிமுறை பற்றிய 1975-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 691 ஆவணத்திலேயே இருக்கிறது (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளைப் பேசும் எண்ணிட்ட ஆவண வரிசை). 1982-இல் மின்னஞ்சலுக்கான ஆர்எஃப்சி 822, 'எக்ஸ்-' என்று தொடங்கும் தலைப்புகளை (செய்திக்கு முன்னால் வரும் ஹெடர் வரிகளை) பயனர்களின் சொந்தப் பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கியது. பார்ப்பதற்கு ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் 2012 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 6648, புதிய நெறிமுறைகளில் இந்த முன்னொட்டை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது. சோதனை தோற்றால் பெயரும் மறைந்துவிடும், அதனால் யாருக்கும் நட்டமில்லை. சோதனை வெற்றி பெறும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. அதற்குள் அந்தப் பெயர் ஆயிரக்கணக்கான நிரல்களில் பதிந்திருக்கும். முன்னொட்டை நீக்கினால் அவை உடையும், நீக்காவிட்டால் நிலையான ஒன்று 'சோதனை' என்ற முத்திரையோடு காலமெல்லாம் உலவும். இடையில் நிற்கும் ப்ராக்ஸி சர்வர், கோரிக்கை முதலில் எங்கிருந்து வந்தது என்று குறிக்கும் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' என்ற தலைப்பு இதற்கு நல்ல சான்று. அதன் இடத்தை எடுத்துக்கொள்ள 'ஃபார்வர்டட்' என்ற முறையான தலைப்பு 2014-இல் ஆர்எஃப்சி 7239 வழியாக வந்தது. இன்றும் ப்ராக்ஸி சர்வர்களின் அமைப்புக் கோப்புகளைத் திறந்தால் பழைய பெயரைத்தான் பெரும்பாலும் காண்கிறோம்.

இணையப் பக்க வடிவமைப்பில் இது இன்னும் கடுமையாக நிகழ்ந்தது. ஒரு பெட்டியின் முனையை வளைக்க, ஃபயர்ஃபாக்ஸுக்காக 'மாஸ்' முன்னொட்டோடு ஒரு வரி, சஃபாரி, குரோம் உலாவிகளுக்காக 'வெப்கிட்' முன்னொட்டோடு ஒரு வரி, முன்னொட்டே இல்லாமல் ஒரு வரி என்று எழுதிய காலம் பலருக்கு நினைவிருக்கும். ஒரே ஒரு முனையை மட்டும் வளைக்க வேண்டுமென்றால் நிலைமை இன்னும் மோசம். முன்னொட்டுக்குப் பின்னால் வரும் பெயரே இரண்டு உலாவிகளிலும் வேறுவேறாக இருந்தது. கைபேசி இணையம் பரவியபோது பலர் வெப்கிட் வரியை மட்டும் எழுதிவிட்டு நின்றுவிட்டனர். அந்தப் பக்கங்கள் மற்ற உலாவிகளில் குலைந்தன. 2012-இல் ஓப்பரா, தனக்குச் சொந்தமில்லாத வெப்கிட் முன்னொட்டுகள் சிலவற்றைத் தானும் ஏற்கப் போவதாக அறிவித்தது. 2016-இல் ஃபயர்ஃபாக்ஸும் தன் 49-ஆம் பதிப்பில் அதே வழிக்கு வந்தது. ஒரு நிறுவனத்தின் சோதனை முத்திரை எல்லோருக்குமான நிரந்தரப் பெயராகிவிட்டது. குரோமின் இயந்திரமான பிளிங்க், 2013-இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்தபோதே, புதிய வசதிகளுக்கு முன்னொட்டு சூட்டுவதில்லை என்றும் அவற்றை ஃப்ளாக் (பயனர் இயக்கினால் மட்டுமே வசதியைத் திறக்கும் சுவிட்ச்) ஒன்றின் பின்னால் வைக்கப் போவதாகவும் அறிவித்தது. ஒரு வசதி தன் இறுதிப் பெயரோடுதான் பிறக்க வேண்டும் என்பதும், அதைத் திறக்கும் சாவி மட்டும் தனியாக இருக்க வேண்டும் என்பதும் இந்த முடிவின் உட்பொருள். உங்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

இனி பைத்தானுக்கு வருவோம். முடிவாகாத தொகுப்புகளை 'ப்ரிவியூ' என்ற தனி மாட்யூலுக்குள் (பெயரிட்ட நிரல் பகுதிக்குள்) வைக்கலாம் என்று பெப் 408 முன்மொழிந்தது. பெப் என்பது பைத்தானுக்கான எண்ணிட்ட முன்மொழிவு ஆவணம். அந்த யோசனை நிராகரிக்கப்பட்டு, தொகுப்பு தன் இறுதி இடத்திலேயே இருக்கட்டும், மாறக்கூடும் என்பதை ஆவணத்தில் சொன்னால் போதும் என்ற பெப் 411 ஏற்கப்பட்டது. 2014-இல் பைத்தான் 3.4-இல், காத்திருக்கும் வேலைகள் பலவற்றை ஒருசேரக் கையாளும் அசிங்க்ஐஓ தொகுப்பு இப்படித்தான் தற்காலிகத் தகுதியோடு வந்து, 2016-இல் வெளியான 3.6-இல் நிலைபெற்றது. பைத்தான் போன்ற ஒரு மொழிக்கு அது போதுமானது. சிறிய லைப்ரரிக்குப் போதாது என்பது என் அனுபவம், ஏனெனில் ஆவணத்தின் மேலே இருக்கும் எச்சரிக்கைப் பெட்டியைப் படித்துவிட்டுப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் யாரோ எழுதிய பத்து வரி உதாரணத்தை எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள். எச்சரிக்கை அந்தப் பத்து வரிகளுக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

இயந்திரக் கற்றலுக்கான பைத்தான் லைப்ரரியான சைக்கிட்-லேர்னின் குழு இதற்கு அழகான வழி ஒன்றைக் கண்டது. 2019-இல் வெளியான 0.21 பதிப்பில் ஹிஸ்டோகிராம் அடிப்படையிலான கிரேடியன்ட் பூஸ்டிங் என்ற கணிப்பு முறைக்கான கிளாஸ்கள் (நிரல் வார்ப்புகள்) வந்தன. அவற்றைப் பயன்படுத்துவதற்கு முன், 'எக்ஸ்பெரிமென்டல்' மாட்யூலிலிருந்து 'எனேபிள்' என்று தொடங்கும் ஒரு பெயரை இறக்குமதி செய்தாக வேண்டும். அந்த ஒரு வரியே பயனரின் ஒப்புதல். அதற்குக் கீழே கிளாஸின் பெயர் இறுதிப் பெயராகவே இருந்தது, இடமும் இறுதி இடமாகவே இருந்தது. 2021-இல் 1.0 வெளியானபோது அந்த வரி தேவையற்றதாயிற்று, ஆனால் எழுதி வைத்தவர்களின் நிரல் உடையவில்லை. ஒப்புதல் வரியை அழித்தாலும் சரி, விட்டுவைத்தாலும் சரி, மற்ற வரிகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இருந்தாலும் இந்த வழியை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். அதில் ஒரு குறை இருக்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு பைத்தான் நிரலுக்குள் யாராவது ஓரிடத்தில் அந்த வரியை எழுதிவிட்டால் அங்கே எல்லோருக்கும் கதவு திறந்துவிடும். உங்கள் லைப்ரரியைச் சார்ந்த வேறொரு லைப்ரரி அதை எழுதியிருந்தால், தான் சோதனை வசதியைத் தொடுகிறோம் என்றே அறியாமல் ஒருவர் அதைப் பயன்படுத்திவிட முடியும்.

ஆகவே உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, சோதனை வசதியைத் தரும் ஃபங்ஷனை (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டை) அதன் இறுதிப் பெயரோடு 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற துணை மாட்யூலுக்குள் வைப்பதுதான். 'ரீட்_சங்க்ஸ்' என்பது 'ரீட்_சங்க்ஸ்' ஆகவே இருக்கும், அதை எங்கிருந்து இறக்குமதி செய்கிறோம் என்பதில் மட்டும் எச்சரிக்கை தெரியும். ஒவ்வொரு கோப்பும் தனக்கான ஒப்புதலைத் தானே தர வேண்டியிருக்கும். நிலைபெறும் நாளில் கோப்புக்கு ஒரு வரி மாறும், ஃபங்ஷன் அழைக்கப்படும் நூறு இடங்கள் மாறா. கோ மொழியினர் இந்த வழியில் செல்கிறார்கள். அவர்களின் 'எக்ஸ்/எக்ஸ்ப்' தொகுப்பில் பழகிய 'ஸ்லைசஸ்', 'மேப்ஸ்' இரண்டும் 2023 ஆகஸ்டில் 1.21 பதிப்போடு அதே பெயர்களில் மொழியின் நிலையான நூலகத்துக்கு வந்தன. ரஸ்ட் மொழியின் கதவு இன்னும் கடுமையானது. நிலையான கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) சோதனை வசதியை ஏற்கவே ஏற்காது, நாள்தோறும் வெளியாகும் நைட்லி பதிப்பில் மட்டுமே அது திறக்கும். அத்தகைய இரட்டை வெளியீட்டு ஏற்பாட்டை ஐந்து பேர் சுமக்க முடியாது.

முன்னொட்டுக்காக வாதிடும் உங்கள் நண்பரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இணையப் பக்க இடைமுகங்களை எழுத உதவும் ரியாக்ட் லைப்ரரியின் குழு 'அன்ஸ்டேபிள்_' என்ற முன்னொட்டைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறது. அழைக்கும் இடத்திலேயே அது கண்ணை உறுத்துவதால், மற்றவரின் நிரலைச் சரிபார்க்கும்போது தவறாமல் தெரியும். தேடிக் கண்டுபிடிப்பதும் எளிது. இறக்குமதி வரி கோப்பின் உச்சியில் இருப்பதால் இந்த நன்மை ஓரளவு குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை ஈடுசெய்ய, மாட்யூலை இறக்குமதி செய்யும்போது ஓர் எச்சரிக்கை அச்சாகட்டும். அதற்கென்று பைத்தானின் 'யூசர்வார்னிங்' என்ற எச்சரிக்கை வகையிலிருந்து உங்களுக்குச் சொந்தமான ஒரு வகையை உருவாக்குங்கள். அப்போது தெரிந்தே பயன்படுத்துகிறவர் அதை மட்டும் பெயர் சொல்லி அடக்கலாம், கண்டிப்பான குழுவினர் தங்கள் தானியங்கிச் சோதனைகளில் அதைப் பிழையாக மாற்றிக்கொள்ளலாம். ஒன்று வழக்கொழியப் போகிறது என்று சொல்லும் 'டெப்ரிகேஷன்வார்னிங்' வகையை இதற்கு எடுக்காதீர்கள். மற்ற மாட்யூல்களில் எழும் அந்த எச்சரிக்கையைப் பைத்தான் இயல்பாகவே காட்டாமல் விட்டுவிடும்.

இப்போது சொல்லுக்கு வரலாம். அடிக்கோட்டை முதலில் விட்டுவிடுங்கள். பெப் 8 மரபின்படி அது 'உள் பயன்பாட்டுக்கு மட்டும், தொடாதே' என்று பொருள்படும். நீங்களோ 'தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்' என்று அழைக்கிறீர்கள். 'பீட்டா' என்பதற்கு மக்கள் மனத்தில் 'ஏறக்குறைய முடிந்தது' என்ற பொருள் ஊறிவிட்டது. பல சர்வர்களில் மென்பொருளை இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உள்ளே வழிநடத்தும் இன்கிரஸ் ஏபிஐ (நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் இடைமுகம்) 2015-இலிருந்து 2020 வரை பீட்டாவாகவே இருந்தது. இயல்பாகவே திறந்திருந்ததால் எல்லோரும் அதைத் தங்கள் அன்றாட அமைப்புகளில் பயன்படுத்தினர். 2021-இல் 1.22 பதிப்பு பழைய பீட்டா வடிவங்களை நீக்கியபோது, மேம்படுத்துவதற்கு முன் எல்லோரும் தங்கள் கோப்புகளைத் திருத்த வேண்டியதாயிற்று. 2022-இல் 1.24 முதல், புதிய பீட்டா ஏபிஐகள் இயல்பாகத் திறக்கப்படுவதில்லை. ஆல்ஃபா, பீட்டா என்று படிகள் வகுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்குறுதி எழுதும் அளவுக்கு உங்கள் திட்டம் பெரிதில்லை. 'அன்ஸ்டேபிள்' என்றால் நிரல் செயலிழக்குமா, ஏபிஐ மாறுமா என்ற ஐயம் எழும். 'எக்ஸ்பெரிமென்டல்' போதும், பைத்தான் பயனர்களுக்குப் பழக்கமும் உண்டு. ஆனால் அதன் பொருளை இரண்டு வாக்கியத்தில் எழுதி வையுங்கள்: ஏபிஐ எந்தச் சிறு பதிப்பிலும் மாறலாம் அல்லது நீங்கலாம், ஆனால் கோப்பில் உள்ள தரவைத் தவறாகப் படித்தால் அது மற்ற எந்த வசதியிலும் போலவே உடனே திருத்த வேண்டிய பிழை. இரண்டாவது வாக்கியம் முக்கியம். சோதனை நிலை என்று சொல்லிக்கொண்டு தவறான விடையைத் தரும் உரிமை யாருக்கும் கிடையாது.

பெயரைவிட எனக்குக் கவலை தருவது வெளியேறும் வழிதான். மென்பொருள்களை நிறுவி நிர்வகிக்கும் நிக்ஸின் 'ஃப்ளேக்ஸ்' வசதி 2021-இல் 2.4 பதிப்பில் சோதனை முத்திரையோடு வந்தது. ஏராளமானோர் தங்கள் முழு அமைப்பையும் அதன்மேல் கட்டிவிட்ட பிறகும் பல ஆண்டுகள் அந்த முத்திரை நீங்கவில்லை. நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியில் 2019-இல் வந்த 'கிட் ஸ்விட்ச்' கட்டளையின் கையேட்டிலும் 'இது சோதனைக் கட்டளை' என்ற வரி வெகுகாலம் இருந்தது. ஆண்டுக்கணக்கில் நிற்கும் எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்துவதில்லை, பிறகு உண்மையிலேயே மாறக்கூடிய ஒன்றுக்கு எச்சரித்தாலும் அதே அலட்சியம்தான் மிஞ்சும். எனவே ஒரு வசதி 'எக்ஸ்பெரிமென்டல்' மாட்யூலுக்குள் நுழையும் புல் ரிக்வெஸ்ட்டிலேயே (நிரலில் மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்திலேயே), எதைத் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறோம், எந்தப் பதிப்பில் முடிவெடுப்போம் என்பவற்றை ஓர் இஷ்யூவில் (திட்டத்தின் எண்ணிட்ட விவாதப் பதிவில்) எழுதி, அதன் எண்ணை ஃபங்ஷனின் டாக்ஸ்ட்ரிங்கில் (அதனுள் எழுதும் விளக்கக் குறிப்பில்) இடுங்கள். மூன்று சிறு பதிப்புகள் போதுமான அவகாசம். தேவையெனில் ஒருமுறை நீட்டிக்கலாம். அதன் பிறகும் யாரும் பொறுப்பேற்காவிட்டால் அது நீக்கப்பட வேண்டும். எண் இல்லாத ஃபங்ஷனோ கெடு கடந்த ஃபங்ஷனோ அங்கே இருந்தால் தோல்வியடையும் ஒரு சிறிய தானியங்கிச் சோதனையை எழுதிவிட்டால், இதை யாரும் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஐந்து பேரும் ஒத்துப்போவது எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். சொற்களை வைத்து வாக்கெடுக்காதீர்கள். நான் பங்கேற்ற ஒரு திட்டத்தில் இரண்டு வாரம் இழுத்த வாதம் ஒரே மாலையில் தீர்ந்தது. ஏற்கெனவே வெளியான ஒரு ஃபங்ஷனை எடுத்துக்கொண்டு, அதைப் பயன்படுத்தும் ஒருவரின் நிரல் சோதனைக் காலத்தில் எப்படி இருக்கும், நிலைபெற்ற பின் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு யோசனைக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். முன்னொட்டு யோசனையில் பதினான்கு வரிகள் மாறின, துணை மாட்யூல் யோசனையில் ஒன்று. முன்னொட்டுக்காக வாதிட்டவரே அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவை எழுதினார். உங்கள் 'ரீட்_சங்க்ஸ்' அதற்குப் பொருத்தமானது. முடிவானதை ஒரு பக்கத்துக்குள் எழுதி, பங்களிப்பாளர் கையேட்டில் சேர்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே வெளியான மூன்றையும் ஒரே வெளியீட்டில் சரிசெய்யுங்கள். இறுதிப் பெயர்களைத் துணை மாட்யூலில் வைத்து, பழைய பெயர்கள் இரண்டு பதிப்புகள் வரை புதியவற்றையே அழைக்குமாறு விடுங்கள். அந்த இடைக்காலத்தில் பழைய பெயர்கள் 'ஃப்யூச்சர்வார்னிங்' தரட்டும், அது இயல்பாகவே பயனர் கண்ணில் படும். '_ரீட்_பேரலல்' அடிக்கோட்டோடு இருப்பதால் சொல்லாமல் நீக்கலாம் என்று தோன்றும். ஆனால் பயன்படுத்திப் பாருங்கள் என்று நீங்களே அதை வெளியே கொடுத்திருப்பதால் அதற்கும் அதே இரண்டு பதிப்பு அவகாசத்தைக் கொடுங்கள். வெளியீட்டுக் குறிப்பின் முதல் பத்தியில், ஒவ்வொன்றுக்கும் பழைய பெயர், புதிய இடம், பழைய பெயர் நீங்கும் பதிப்பு எண் மூன்றும் ஒரே வரியில் இருக்கட்டும்.