நைட் டியூட்டி முடிந்து வந்தால் பிள்ளை தூங்க விடுவதில்லை

கேள்வி: தாதியர் பயிற்சி முடித்து, ஹட்டன் பக்கம் ஒரு வைத்தியசாலையில் சேர்ந்து நான்கு மாதம். பிள்ளைக்குப் பதினொரு மாதம். கணவருக்குக் கொழும்பில் வேலை. இரவில் பிள்ளையைப் பார்க்கும் மாமியார் காலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார். இரவு 7 முதல் காலை 7 வரை வேலை செய்துவிட்டு வந்து, பகலில் இரண்டு மணி நேரம்கூடத் தூங்க முடிவதில்லை. தலைவலி, பாலும் குறைகிறது. பாலை நிறுத்திவிட்டுப் பிள்ளையைப் பதுளையில் அம்மாவிடம் விடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம், தங்கச்சி. முதலில் தூக்கத்துக்கு வழி பார்ப்போம்.

வீட்டுக்கு வந்ததும் பால் கொடுங்கள். அப்புறம் பிள்ளையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு உடனே படுங்கள். துணி துவைப்பது, சமைப்பது எல்லாம் எழுந்த பிறகு. மாமியார் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம்) கேட்டுப் பாருங்கள். இடம் இல்லையென்றால், நைட் வரும் நாட்களுக்கு மட்டும் அம்மா உங்களிடம் வந்து தங்கட்டும். நைட்டைச் சேர்ந்தாற்போல் போட முடியுமா என்று வார்ட் சிஸ்டரிடம் கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவள் எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். ஜன்னலில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்குங்கள். விடிகாலை 3 மணிக்கு மேல் பிளேன் டீ வேண்டாம். முக்கியமாக, கதிரையில் உட்கார்ந்து பால் கொடுத்தபடியே அசந்துவிடாதீர்கள். பிள்ளை நழுவி விழுந்துவிடும்.

இந்த வயதில் பிள்ளை மூன்று வேளையும் சாப்பிடும். அதனால் டியூட்டிக்கு முன்னும் பின்னும் கொடுப்பதோடு, நடுஇரவில் ஒரு முறை பாலைப் பிழிந்து எடுத்தால் போதும். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம். எடுத்த பால் வெளியே 4 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் தாங்கும். ஹட்டன் குளிர்தானே என்று விடியும்வரை பையிலேயே வைத்துவிடாதீர்கள்.

தலைவலிக்கு வருகிறேன். வார்டில் எத்தனையோ பேருக்குப் பிரஷர் பார்க்கிறீர்கள், உங்களுக்குப் பார்த்தீர்களா? ஹீமோகுளோபினும் பாருங்கள். அண்மையில் கருத்தடை மாத்திரை தொடங்கினீர்களா? ஈஸ்ட்ரஜன் ஹார்மோன் உள்ள மாத்திரை என்றால் பால் குறையலாம், தலைவலியும் வரலாம். குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். மாதவிடாய் தள்ளியிருந்தால் கர்ப்பப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராமல், இரண்டு வாரமாக அழுகையாகவே இருந்தால் அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். வைத்தியரைப் பாருங்கள், அல்லது தேசிய மனநல உதவி எண் 1926க்கு அழையுங்கள்.