நியூயார்க்ல இருந்து சான் பிரான்சிஸ்கோ போனா ஜெட் லாக் வருமா? எப்படி சரி பண்றது?

வரும். நம்மூர்ல அஸ்ஸாம்ல இருந்து குஜராத் வரைக்கும் ஒரே டைம், அதனால உள்நாட்டு ஃபிளைட்ல ஏறி இறங்கினா வாட்ச்ச மாத்தணும்னே நமக்குத் தோணாது. இங்க அமெரிக்காவுல கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூணு மணி நேரம் வித்தியாசம். நான் நியூஜெர்சி, ஆபீஸ் வேலையா அடிக்கடி பே ஏரியா, அதாவது சான் பிரான்சிஸ்கோ பக்கம், போய்ட்டு வர்ற ஆளு. இந்தியா போய்ட்டு வந்த மாதிரி ஆளையே அடிச்சுப் போடாது, ஆனா ராத்திரி சாப்பாட்டு நேரத்துலயும் விடிகாலை நாலு மணிக்கும் மாட்டிக்குவீங்க.

டீம் டின்னர் ஏழரைக்குன்னு வெப்பாங்க, உங்க உடம்புக்கு அது பத்தரை. ஸ்டார்ட்டர் வர்றதுக்குள்ளயே கண்ணு சொருகும், எதிர்ல மேனேஜர் அடுத்த வருஷ பிளான் பத்தி பேசிட்டு இருப்பாரு, நாம தலைய மட்டும் ஆட்டிட்டு இருப்போம். சரி போதும்னு ரூமுக்கு வந்து எட்டரைக்கே விழுந்தா மூணரை நாலுக்கு முழிப்பு வந்துரும், அடுத்த நாளும் இதே கூத்துதான்.

இறங்கின அன்னிக்கு ரூம்ல படுக்காதீங்க, பைய வெச்சுட்டு வெளிய நடங்க. சாயங்கால வெளிச்சம் கண்ணுல பட்டா உடம்போட கடிகாரம் தள்ளிப் போகும், தூக்கம் லேட்டா வரும், மேற்க போறவங்களுக்கு அதான் வேணும். டிசம்பர்ல அங்க அஞ்சு மணி வாக்குலயே சூரியன் மறைஞ்சிடும், அப்போ நல்லா லைட் இருக்கிற இடமா பாத்து உக்காருங்க.

நாலு மணிக்கு முழிப்பு வந்தா லைட்டும் போடாதீங்க, ஃபோனும் வேணாம், கர்ட்டன மூடிட்டு சும்மா படுத்திருங்க, ஏன்னா அந்த நேர வெளிச்சம் கடிகாரத்த எதிர்ப்பக்கம் இழுக்கும். சொல்றது ஈஸி, ஆறு மணிக்கெல்லாம் நியூயார்க் ஆபீஸ்ல ஒம்போது ஆயிடும், ஆபீஸ் சாட் ஆப் ஸ்லாக் டிங் டிங்னு ஆரம்பிச்சுரும், ராத்திரியே மியூட் போட்ருங்க. காபி மத்தியானத்தோட நிறுத்திக்கோங்க. மெலடோனின்ங்கிற தூக்க ஹார்மோன் மாத்திரைய எல்லாரும் சொல்வாங்க, ஆனா சாயங்காலம் போட்டா தூக்கத்த இன்னும் முன்னாடி கொண்டு வரும், அது கிழக்க போறவங்களுக்குத்தான் லாயக்கு.

முக்கால்வாசி பேருக்கு உடம்போட சொந்த நாள் 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அதனால லேட்டா தூங்கப் பழகுறது சுலபம், ரெண்டு மூணு நாள்ல செட் ஆயிடும். திரும்பி வர்றப்போதான் கஷ்டம், நைட் ஃபிளைட்ல அஞ்சு மணி நேரம் சொச்சம்தான், அதுல என்னத்த தூங்குறது.

ரெண்டே நாள் டிரிப்னா நான் உடம்ப அங்கத்த டைமுக்கு மாத்திக்கவே மாட்டேன். மீட்டிங்க காலைல வெச்சுக்கோங்க, ஒம்போதுக்குப் படுங்க, டின்னர ஆறு மணிக்கு மாத்த முடியுமான்னு கூச்சப்படாம கேளுங்க.