அந்த இன்னொரு மாணவி என்ன ஆனாள்?

கேள்வி: அம்மா, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். அண்ணன் குடும்பமும் நாங்களும் எங்கள் அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்குபவள். பள்ளி ஆண்டு விழாவில் ‘நிம்மதி தருவது கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா’ என்று பட்டிமன்றம் வைத்தார்கள். இவளுக்குத் தனிக் குடும்ப அணி கிடைத்தது. அண்ணனும் அண்ணியும் விழாவுக்கு வருவதால் வீண் மனஸ்தாபம் வேண்டாம் என்று தமிழாசிரியையிடம் பேசி, கடைசி நேரத்தில் அணியை மாற்றிவிட்டேன். வேறொரு பெண்ணை அந்தப் பக்கம் போட்டுக்கொண்டார்கள். இவள் அணிதான் வென்றது. அதற்குப் பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் எதிர்வாதம். பாட்டி ஏதாவது சொன்னால் ‘ஆதாரம் என்ன?’ என்கிறாள். என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மேடைப் பேச்சுதான் இவளைக் கெடுத்துவிட்டதா? நிறுத்திவிடலாமா?
— ஒரு தந்தை, சேலம்

பதில்: தம்பி, மேடை ஏறிய பிள்ளை வாயாடியாகிவிட்டது என்று எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. வயதுக் கோளாறு, போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்லப் போவதில்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைத் தாண்டி என்னால் வர முடியவில்லை. ‘வேறொரு பெண்ணை அந்தப் பக்கம் போட்டுக்கொண்டார்கள்.’

யார் அந்தப் பெண்? கூட்டுக் குடும்பத்துக்காகப் பேச வேண்டியதை எழுதி, மனப்பாடம் செய்து, எந்த இடத்தில் குரலை உயர்த்த வேண்டும் என்பது வரை பழகி வைத்திருப்பாள். அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு எதிரணிக்குப் போ என்றதும் போயிருக்கிறாள். அவளுக்காக ஆசிரியையிடம் வந்து பேச யாரும் வரவில்லை. அவள் அணி தோற்றது, உங்கள் மகள் அணி வென்றது. வகுப்பில் அந்தத் தோழியின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியவள் உங்கள் மகள்தான், நீங்கள் இல்லை. ‘அதற்குப் பிறகு’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எதற்குப் பிறகு என்று யோசித்தீர்களா? உங்கள் மகளுக்கு வெட்கமாக இருக்கிறது, தம்பி. அந்த வெட்கம் வருகிற அளவுக்கு அவள் நல்ல பிள்ளை.

நீங்கள் அவளிடமிருந்து பறித்தது என்ன என்று தெரியுமா? தலைவர்களின் பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் தமிழ் வளர்ச்சித் துறை நடத்துகிறதே, அந்த மாதிரிப் பேச்சுப் போட்டிகளில் நடுக்கம் போகும், லகர ழகரம் தெளியும். நல்லதுதான். ஆனால் அங்கே எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. பட்டிமன்றத்தில் உண்டு. தனக்கு ஒப்பாத பக்கம் தன் கையில் வந்து விழும்போதுதான் ஒரு மாணவி அடுத்தவர் தலைக்குள் புகுந்து பார்க்கப் பழகுகிறாள். தனிக் குடும்பத்துக்காகப் பேச வேண்டியிருந்தால் உங்கள் மகள் முதலில் தன் அம்மாவிடம் போய் உட்கார்ந்திருப்பாள். தாய்வீட்டுக்குப் போய்வர எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கிறது, தலைவலி என்று ஒரு மத்தியானம் படுத்தால் யார் என்ன சொல்வார்கள், ஆசைப்பட்டதைச் சமைத்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டிருப்பாள். பெரியம்மாவிடமும் அதையே கேட்டிருப்பாள். அந்தப் பதில்களில் பாதி மேடையில் சொல்ல முடியாதவை. ஆனால் அவற்றைக் கேட்ட பெண் பழைய பெண்ணாக இருக்க மாட்டாள்.

இது நம்மிடம் இல்லாத வழக்கமும் இல்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. பிறர் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுக்கும் பரபக்கம் முதலில், தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் அதன் பிறகு. இன்று உலகெங்கும் பல்கலைக்கழக மாணவர்கள் விவாதிக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறையிலும், தலைப்பு தெரிந்த 15 நிமிடத்தில் விவாதம் தொடங்கிவிடும். எந்தப் பக்கம் என்பதை மாணவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

உங்கள் ஊரையே பாருங்கள். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானவர் ராஜாஜி. 1944-ல் பெரியார் தலைமையில் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது சேலம் மாநாட்டில்தான். கட்டாய இந்தியை எதிர்த்து 1938-ல் பெரியார் சிறைக்குப் போனது ராஜாஜியின் ஆட்சியில். அப்படி எதிரெதிரே நின்றவர்கள் கடைசி வரை நண்பர்கள். 1972 டிசம்பரில் ராஜாஜியின் இறுதிச் சடங்குக்கு வந்து, 93 வயதில், கண்ணீர் விட்டு அழுதார் பெரியார். உங்கள் அண்ணனும் அண்ணியும் ஒரு பள்ளிப் பட்டிமன்றத்தைத் தாங்க மாட்டார்களா?

நான் கூட்டுக் குடும்பத்தின் பக்கம். பெற்ற தாயை வைத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் ஒரே அடுப்பில் சாப்பிடுவது இந்தக் காலத்தில் பெரிய காரியம். அதை நீங்கள் செய்கிறீர்கள், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் மகள் ஐந்து நிமிடம் பேசினால் வீடு உடைந்துவிடும் என்று பயந்தீர்கள் என்றால், வீட்டில் ஏற்கெனவே எதையோ பேசாமல் மூடி வைத்திருக்கிறீர்கள். பட்டறைக்கு வரும் வெள்ளியைத் தரம் பார்க்காமல் வாங்குவீர்களா? உங்கள் குடும்பத்தைப் பற்றிய உங்கள் எண்ணத்தை மட்டும் யாரும் உரசிப் பார்க்கக் கூடாதா?

மகளையும் நான் விடப் போவதில்லை. பாட்டி ஒன்றும் எதிரணி கிடையாது. எழுபது வயதுக்கு மேல் ஆன ஒருத்தி தான் பட்டதைச் சொல்லும்போது ‘ஆதாரம் என்ன’ என்று கேட்பது திமிர். ‘ஏன் பாட்டி அப்படிச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டிருந்தால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத சேதி கிடைத்திருக்கும். உங்கள் மேல் இருக்கும் கோபத்தைப் பாட்டியின் மேல் காட்டுகிறாள். அதைக் கண்டித்துச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. ஆனால் அதைச் சொல்லும் வாய் இப்போது உங்களுக்கு இல்லை.

மேடைப் பேச்சை நிறுத்தக் கூடாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போங்கள். அவளுடைய பெற்றோர் எதிரிலேயே, ‘அணியை மாற்றச் சொன்னது நான், உன்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தேன்’ என்று அவளிடம் சொல்லுங்கள். ஆசிரியையிடமும் போய் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அண்ணன், அண்ணி, உங்கள் மனைவி, அம்மா எல்லோரையும் கூடத்தில் உட்கார வையுங்கள். அன்று பேசாமல் போன தனிக் குடும்பக் கட்சியை உங்கள் மகள் பேசட்டும். மறுப்புரை அண்ணியுடையது. நடுவர் பாட்டி. நீங்கள் குறுக்கே பேசக் கூடாது. பேசத் தொடங்கும் முன், ‘ஆதாரம் என்ன’ என்று கேட்டதற்கு நடுவரிடம் அவள் மன்னிப்புக் கேட்டாக வேண்டும்.