சமோவாவில் எந்த விழாவுக்கு எப்போது போகலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பசிபிக் தீவு நாடான சமோவாவின் விழாக்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: செப்டம்பரில் நடக்கும் தெயுயிலா விழாவுக்காகவே சமோவா போக வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு செலவு செய்து போகும் அளவுக்கு அது தகுமா?

முதல்முறை போகிறவர்களுக்குத் தகும். 1991 முதல் தலைநகர் ஆப்பியாவில் நடந்துவரும் இந்த விழா, வெளியூர்ப் பயணிகளை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது. கிராமம் கிராமமாகத் தேடி அலைந்து பார்க்க வேண்டியவற்றை ஒரே வாரத்தில், நடந்து போகும் தூரத்தில் பார்த்துவிடலாம். தேவாலயப் பாடகர் குழுக்கள், தேங்காய் உரிக்கும் போட்டி, மரப்பட்டையை அடித்துச் செய்யும் சியாப்போ துணி, பச்சை குத்துதல், நெருப்புக் கத்தி ஆட்டம், சமோவா அழகிப் போட்டி என்று எல்லாம் உண்டு. பல நிகழ்ச்சிகளுக்குக் கட்டணமும் இல்லை.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள்: ஃபவுதாசி எனப்படும் நீள்படகுப் போட்டி. ஏறக்குறைய 30 மீட்டர் நீளப் படகில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் துடுப்பு வலிக்கிறார்கள். அத்தனை பேரும் எல்லைக்கோட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். போகும் திசையைப் பார்த்து நிற்பவர் பின்முனையில் இருக்கும் தலைவர் ஒருவர்தான். அவர் குரலையும் படகில் ஒலிக்கும் தாளத்தையும் நம்பியே கைகள் ஒன்றாக இழுக்கும். ஒருவர் துடுப்பு ஒரு நொடி பிந்தினாலும் பின்னால் இருப்பவரின் துடுப்போடு மோதி, அந்த வரிசையே தடுமாறிவிடும். கடற்கரைச் சாலையோரத் தடுப்புச் சுவரில் விடியற்காலையிலேயே இடம்பிடியுங்கள். போட்டி தொடங்கும் நேரத்தைக் கடலும் காற்றும்தான் முடிவு செய்யும், அச்சிட்ட நேரத்தை நம்பி அடுத்த நிகழ்ச்சிக்குக் கணக்குப் போடாதீர்கள்.

வழக்கமாக இது செப்டம்பர் முதல் வாரத்தில் வரும். ஆனாலும் அந்த ஆண்டின் தேதியைச் சுற்றுலா ஆணையத்திடம் உறுதி செய்துகொண்ட பிறகே பயணச்சீட்டுக்குப் பணம் கட்டுங்கள். ஆக்லாந்திலும் சிட்னியிலும் வாழும் சமோவா மக்கள் இந்த வாரத்தில் ஊர் திரும்புவார்கள். அறையும் வாடகைக் காரும் சில மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும்.

கேள்வி: சமோவா ஜனவரி 1-இல் சுதந்திரம் பெற்றதாகப் படித்தேன். விழா ஜூன் 1 என்கிறது வழிகாட்டி நூல். எது சரி?

இரண்டும் சரி. நியூசிலாந்து நிர்வாகத்திலிருந்து விடுதலை கிடைத்த நாள் 1962 ஜனவரி 1. அது புத்தாண்டு நாள், மழையும் புயலும் வரும் பருவமும்கூட. அதனால் கொண்டாட்டம் வறண்ட பருவமான ஜூனுக்குப் போனது. அதிகாலைக் கொடியேற்றமும் அதன்பின் வரும் அணிவகுப்பும்தான் முக்கியம். கிராமங்களும் பள்ளிகளும் தேவாலயக் குழுக்களும் ஆளுக்கொரு நிறச் சீருடையில் வருவதைப் பார்க்கக் கண் கூசும். இந்த விடுதலைக்கு முன்னால் மாவு எனும் அறப்போராட்டம் நடந்தது. 1929 டிசம்பர் 28-இல் ஆப்பியாவில் அமைதி ஊர்வலத்தின் மீது காவலர்கள் சுட்டதில் அதன் தலைவர் மூன்றாம் துப்புவா தமாசேசே லெயாலோஃபி உயிரிழந்தார். இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்த அணிவகுப்பின் பொருள் புரியும்.

கேள்வி: கடலிலிருந்து புழு எழும் இரவு ஒன்று உண்டாமே, பலோலோ என்று. அதை எப்படிக் கணித்துப் போவது?

சமோவாவில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நாங்கள் சொல்வது இதைத்தான். இதற்கு மேடையும் இல்லை, அழைப்பிதழும் இல்லை. நிலவு நாள் குறிக்கிறது, ஊரே கடலில் இறங்குகிறது.

பவளப்பாறைப் பொந்துகளில் வாழும் ஒருவகைப் புழு, ஆண்டுக்கு ஒருமுறை தன் வால்பகுதியை மட்டும் அறுத்து மேலே அனுப்பும். அந்த இழைகளுக்குள் முட்டையும் விந்தும் நிறைந்திருக்கும். பெண் இழை நீலப்பச்சை, ஆண் இழை பழுப்பு. தலைப்பகுதி பாறைக்குள்ளேயே தங்கி அடுத்த ஆண்டுக்கு வால் வளர்க்கும். நீர்மேல் மிதக்கும் இழைகளைத்தான் மக்கள் அள்ளுகிறார்கள்.

இது அக்டோபரிலோ நவம்பரிலோ, சில ஆண்டுகளில் இரண்டு மாதங்களிலுமோ நடக்கும். பௌர்ணமி கழிந்து ஏழாம் நாளை, அதாவது தேய்பிறை அஷ்டமியை ஒட்டி எழும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சமோவா நேரம் இந்திய நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முந்தியது. நம் நாட்காட்டியில் அஷ்டமி என்று போட்டிருக்கும் தேதி அங்கே ஒரு நாள் தள்ளிப்போகலாம். அதனால் அந்த நாளுக்கு முந்தைய இரவு, அந்த இரவு, அடுத்த இரவு என்று மூன்று இரவுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் வந்து ஏமாந்தால் நவம்பர் வரை காத்திருக்க யாராலும் முடியாது என்பதால், இதற்காக மட்டும் பயணம் போடாமல் அக்டோபரில் வரும் குழந்தைகளின் ஞாயிறோடு (அடுத்த பதிலைப் பாருங்கள்) சேர்த்துத் திட்டமிடுவது நல்லது. ஊர்ப் பெரியவர்கள் மோசோஓய் மரம் பூத்துக் குலுங்குவதையும் ஓர் அறிகுறியாகக் கொள்கிறார்கள். அந்தப் பூவை மாலையாகக் கட்டி அணிந்துகொண்டே கடலில் இறங்குகிறவர்களும் உண்டு.

அள்ளுவதற்குக் கொசுவலை போன்ற நெருக்கமான துணி கட்டிய கைவலையும், ஒரு வாளியும், விளக்கும் போதும். சாதாரண மீன்வலை உதவாது, இழை நழுவிவிடும். விளக்கை நீரருகே தாழ்த்திப் பிடித்தால் இழைகள் வெளிச்சத்தை நோக்கி வரும். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேமியா போல நெளியும், பிறகு திடீரென்று நீரே கெட்டியாகும். வெயில் பட்டால் இழைகள் வெடித்துக் கரைந்துவிடும், ஆகவே சூரியன் எழும்போது வேலை முடிந்திருக்க வேண்டும். அள்ளியதை அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், முட்டையும் வெங்காயமும் சேர்த்து வெண்ணெயில் வதக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

வெறுங்காலோடு இறங்காதீர்கள். பவளம் கிழித்த காயம் எளிதில் சீழ்ப்பிடிக்கும், தடித்த அடியுள்ள காலணி வேண்டும். அந்தக் கடற்பகுதி அந்தக் கிராமத்துக்கு உரியது என்பதால், தங்கும் விடுதிக்காரர் மூலம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். இருட்டில் தனியாக இறங்குவது ஆபத்து, மரியாதைக் குறைவும்கூட.

கேள்வி: எங்களுக்கு இரண்டு குழந்தைகள். அவர்களுக்குப் பிடிக்கும் விழா ஏதாவது உண்டா?

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, லோத்து தமாயித்தி, அதாவது குழந்தைகளின் ஞாயிறு. அன்று தேவாலயமே பிள்ளைகள் கையில். வெள்ளை உடுத்தி, மனப்பாடம் செய்த வசனம் சொல்லி, பாடி, சிறு நாடகங்கள் நடிப்பார்கள். மற்ற நாட்களில் பெரியவர்கள் உண்ட பிறகே உண்ணும் பிள்ளைகள் அன்று முதல் பந்தியில் உட்கார, பெரியவர்கள் பரிமாறுவார்கள். மறுநாள் திங்கள் அரசு விடுமுறை.

உங்கள் பிள்ளைகளுக்கும் வெள்ளை உடை எடுத்துச் செல்லுங்கள். வழிபாடு இரண்டு மூன்று மணி நேரம் நீளும், ஆகவே கதவோரம் பின்வரிசையில் உட்காருங்கள். காணிக்கைக்குச் சமோவா பணமான தாலாவைச் சில்லறைத் தாளாக வைத்திருங்கள். சில தேவாலயங்களில் யார் எவ்வளவு கொடுத்தார் என்று சத்தமாக வாசிப்பார்கள். அதிர்ச்சி வேண்டாம், அது அவர்கள் வழக்கம்.

கேள்வி: கிராமத்தில் நடந்துகொள்ளும் முறை பற்றிப் பயமுறுத்துகிறார்கள். எதெல்லாம் தவறு?

பயப்பட ஒன்றுமில்லை, உட்காரும் முறை தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சுவரில்லாத வட்ட வீடான ஃபாலேவுக்குள் காலணியைக் கழற்றிவிட்டு நுழைந்து, சம்மணமிட்டு உட்காருங்கள். கால் மரத்துப்போனால் நீட்டலாம், ஆனால் உள்ளங்கால் யாரையும் நோக்கக் கூடாது, நீட்டிய காலின் மேல் ஒரு பாயையோ துணியையோ போட்டுவிடுங்கள். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது நின்றுகொண்டு பேசக் கூடாது. அவர்கள் முன்னால் கடக்க நேர்ந்தால் குனிந்து “துலோவ்” என்று சொல்லிக்கொண்டே போங்கள்.

மாலை ஆறுக்கும் ஏழுக்கும் இடையே சங்கோ மணியோ ஒலித்தால் அது சா எனும் குடும்ப வழிபாட்டு நேரம். சாலையில் லாவாலாவா எனும் இடுப்புத் துணி கட்டிய இளைஞர்கள் நிற்பார்கள். நடந்துகொண்டிருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், பத்து இருபது நிமிடத்தில் மறுபடி ஒலி எழும். ஞாயிறன்று பல கிராமங்களில் கடலில் குளிக்கவும் தடை. பெண்கள் முழங்காலை மறைக்கும் லாவாலாவாவும் தோளை மறைக்கும் மேலாடையும் எப்போதும் பையில் வைத்திருப்பது நல்லது. ஆண்களும் மேற்சட்டையில்லாமல் ஊருக்குள் நடக்கக் கூடாது.

கேள்வி: நான் சைவம். விருந்துகளில் எனக்குச் சாப்பிட ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்கத் தெரிந்தால். விருந்தின் மையம் உமு எனும் கல்லடுப்பு. குழி தோண்டுவதில்லை. எரிமலைக் கற்களைத் தரைமேல் விறகோடு அடுக்கி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் பழுக்கக் காய்ச்சி, எரியாத கட்டைகளை எடுத்துவிட்டுக் கற்களைப் பரப்புவார்கள். அதன்மேல் சேப்பங்கிழங்கு, சீமைப்பலா, பச்சை வாழைக்காய், மீன், பன்றி இறைச்சி. எல்லாவற்றையும் வாழையிலை போட்டு மூடி, ஆவி வெளியேறாமல் மேலும் இலையும் சாக்கும் போடுவார்கள். ஆற்று ஈரம் ஏறிய கல்லைப் போட்டால் சூட்டில் வெடித்துச் சிதறும் என்பதால், பழகிய கற்களையே மறுபடி மறுபடி பயன்படுத்துகிறார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது பலுசாமி. இளம் சேம்பிலை நான்கைந்தைக் கையில் கிண்ணம்போல் குழித்து, அதில் உப்பும் வெங்காயமும் கலந்த கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றி, ஓரங்களைக் கூட்டி, வாட்டிய வாழையிலையில் பொதிந்து கற்கள்மேல் வைப்பார்கள். இலை கூழாகக் குழைந்து, பால் திரண்டு, புகை வாசத்தோடு வரும். அரைவேக்காடாக இருந்தால் தொண்டை அரிக்கும். இலையில் இருக்கும் ஆக்சலேட் படிகங்கள்தான் காரணம், அரிப்புத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். சில வீடுகளில் டின் மாட்டிறைச்சியைச் சேர்ப்பார்கள், “பிசுப்போ இல்லாததா?” என்று கேளுங்கள். தேங்காய்ப்பாலில் வெந்த சீமைப்பலா, பப்பாளியும் ஜவ்வரிசியும் சேர்ந்த சுப்போயேசி ஆகியவையும் சைவம்தான். சாப்பாசுயி எனும் நூடுல்ஸ் உணவு என்றால் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். இறைச்சியோடு ஒரே உமுவில் வெந்ததை உண்ணாதவரானால், விருந்து நாளில் பழமும் இளநீரும்தான் நிம்மதி.

கேள்வி: ஆட்டக்காரர் முன்னால் பணம் வைக்கிறார்களாமே? பயணியும் வைக்க வேண்டுமா?

நிகழ்ச்சியின் கடைசி ஆட்டம் தவுஅலுங்கா. ஊர்த் தலைவரின் மகளோ அந்த இடத்தில் நிற்கும் பெண்ணோ, துயிங்கா எனும் உயர்ந்த தலையணி சூடி, கையசைவாலேயே ஆடுவார். சுற்றிலும் ஆண்கள் குதித்துக் கூத்தடிப்பது அவருடைய நிதானத்தை எடுத்துக்காட்டத்தான். அப்போது எழுந்து, குனிந்தவாறு போய், 5 அல்லது 10 தாலாத் தாளை அவர் முன்னால் வைக்கலாம். கட்டாயமில்லை. நாணயம் எறிவது அவமதிப்பு. இந்த ஆட்டம் முடியும் முன் எழுந்து போவதும் சரியல்ல.

நெருப்புக் கத்தி ஆட்டம் தொன்மையானது என்று நினைப்பவர்கள் அதிகம். போர்க்கத்தியைச் சுழற்றும் கலை பழையது. அதில் தீ சேர்ந்தது 1946-இல், ஃப்ரெடி லெத்துலி என்ற சமோவா ஆட்டக்காரரால், சான் பிரான்சிஸ்கோவில்.

கேள்வி: அமெரிக்க சமோவாவின் விழாவையும் சேர்த்துப் பார்க்க முடியுமா?

அங்கே பெரிய நாள் ஏப்ரல் 17, கொடி நாள். 1900-இல் அந்தத் தேதியில் அமெரிக்கக் கொடி ஏறியது. ஃபவுதாசிப் போட்டி அங்கேயும் உண்டு. விமானத்தில் சிறு தூரம்தான், ஆனால் நடுவே தேதிக்கோடு போகிறது. 2011 டிசம்பர் 30-ஐ முழுவதுமாகத் தாண்டி சமோவா கோட்டின் மறுபக்கம் சேர்ந்தது. கடிகாரம் இரண்டிலும் ஒரே மணி காட்டும், நாள் மட்டும் ஒன்று பின்தங்கும். சமோவாவில் ஏப்ரல் 18 என்றால் அமெரிக்க சமோவாவின் தலைநகரான பாகோ பாகோவில் 17. அறை பதிவு செய்யும்போது இங்கேதான் ஓர் இரவு காணாமல் போகும். அமெரிக்க சமோவாவின் நுழைவு விதிகளும் அமெரிக்க விசா விதிகளிலிருந்து தனி. அவற்றையும், வழியில் விமானம் மாறும் நாட்டின் இடைவழி விசாவையும் முன்பே பாருங்கள்.

கேள்வி: சியாப்போ, பாய், மரக்கிண்ணம் வாங்கி வரலாமா?

வாங்கலாம். அசல் சியாப்போவை வெளிச்சத்தில் பிடித்தால் பட்டையின் நார் தெரியும், தடிமனும் ஒரே சீராக இருக்காது. மெல்லிய பாயான இயே சமோவா 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நல்ல பாயை நெய்ய மாதங்கள் ஆகும் என்பதால், மலிவாகக் கிடைத்தால் அது வேறு பாய் என்று புரிந்துகொள்ளுங்கள். ஆமை ஓட்டில் செய்த எதையும் தொடாதீர்கள், எல்லையில் பறிமுதல்தான். நியூசிலாந்து வழியாகத் திரும்பினால் மரம், நார், விதை மாலை அனைத்தையும் வருகை அறிவிப்பில் குறிப்பிடுங்கள். குறிப்பிட்டால் சோதித்துவிட்டுப் பெரும்பாலும் திருப்பித் தருவார்கள், மறைத்துப் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.